தேநீர்க் கிண்ணத்துப் புயல்

ஆங்கிலம் பயின்றோர் நாவில் அடிக்கடி வந்து விழும் தொடர்களுள் ஒன்று, ‘தேநீர்க் கிண்ணத்துக்குள் எழுந்த புயல்’ என்பது. கந்தோரில் எழுதுவினைஞர் இருவர் ஒரு நாற்காலிக்காகப் பிணங்கிக்கொண்டால், மேலதிகாரி புன்னகை செய்து இத்தொடரைச் சொல்வார். மணவீட்டிலே மாப்பிள்ளை வீட்டார்க்கு வெற்றிலை வட்டா சற்றுப் பிந்தி வந்துவிட்டது என்று முகங்கள் கறுத்தால், படித்த மாமனார் ஒருவர் இத்தொடரைச் சொல்லிச் சிரிப்பார். காரியம் சிறிது, கூச்சல் பெரிது என்பதே இதன் கருத்து. கேட்போரும் சிரிப்பர், பிணக்கும் பெரும்பாலும் அச்சிரிப்போடு கரைந்துபோகும்.

ஆனால் இத்தொடரை மட்டக்களப்பு வாவியின் கரையிலே இருந்து கேட்கும்போது அதற்கு வேறொரு சுவையும் உண்டாகின்றது. வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரை ஞாயிறு எழும் திசையாதலின் எழுவான்கரை எனவும், மேல்கரை ஞாயிறு படும் திசையாதலின் படுவான்கரை எனவும் பெயர் பெற்றன. இக்கரைகளில் வாழும் மக்கள் கிண்ணத்துப் புயலையும் அறிவர். கடலிலிருந்து எழுந்து வந்து கூரையைப் பறித்துச் சென்ற புயலையும் அறிவர். ஆகவே, எது கிண்ணத்துப் புயல், எது மெய்ப்புயல் என்னும் வினா இவ்விடத்திலே வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை.

முதலில், ஆங்கிலேயர் இக்கருத்தை எத்தனை வகையாகச் சொல்லுகின்றனர் என்பதைக் காண்போர் வியப்படைவர். கிண்ணத்துப் புயலையே அமெரிக்கர் தேநீர்ச் சாடிக்குள் அடைத்துவிட்டனர். தேயிலையை அறியாத பழைய உரோமரோ அதனை அகப்பைக்குள் வைத்திருந்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் வாழ்ந்த சிசெரோ என்னும் நாவலர், ஒருவர் ‘அகப்பையிலே அலை எழுப்பினார்’ என்று எழுதும்போது, அது முன்னரே வழங்கிய பழமொழி என்பதையும் குறிப்பிடுகின்றார். ஆகவே, அகப்பை கிண்ணமாகிக் கிண்ணம் சாடியானபோதிலும், உள்ளே எழும் அலை ஈராயிரம் ஆண்டாக ஓயவில்லை எனலாம்.

‘அகழான் கிளறிய மண்ணை மலையாக்குதல்’ என்பது மற்றொரு தொடர். மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் சிறு பிராணியொன்று வெளியே தள்ளும் மண்மேட்டை ஆங்கிலேயர் தம் தோட்டங்களிலே நாள்தோறும் காண்பவர். அந்த மேட்டை மலையென்று சொல்பவனை அவர்கள் 16 ஆம் நூற்றாண்டிலேயே எள்ளத் தொடங்கிவிட்டனர். கிரேக்கரிடத்திலே இதற்கு ஒப்பான பழமொழி, ‘ஈயை யானையாக்குதல்’ என்பது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான லூசியன் என்பார் ஈயின் பெருமையைப் புகழ்ந்து நகைச்சுவை நூலொன்று எழுதினார். அதனை முடிக்கும்போது, இதற்கு மேலும் எழுதினால் ஈயை யானையாக்கியவன் என்ற பெயர் வந்துவிடும் என்னும் கருத்தோடு எழுதுகோலை வைத்துவிட்டார்.

தமிழரும் இவ்விடயத்திலே பின்னிற்கவில்லை. கிரேக்கர் ஈயை யானையாக்கினர். ஆங்கிலேயர் மண்மேட்டை மலையாக்கினர். தமிழரோ பேனைப் பெருமாளாக்கினர்! தலையிலே ஊரும் பேனைக் கோயிலிலே குடியிருக்கும் பெருமாள் ஆக்கியதற்கு மேல் பெரிதாக்க வழியில்லை. பெரிதாக்குவதை எள்ளவந்த பழமொழியே பெரிதாக்குவதில் முதலிடம் பெற்றுவிட்டது.

கடலோடிகளான ஆங்கிலேயர் தம் தொழிலிலிருந்தும் ஒரு தொடரை எடுத்தனர். இலகுவான காரியத்தைப் பெரும்பாடுபட்டுச் செய்பவனைப் பார்த்து, ‘இவன் கடுங்காற்றில் அகப்பட்டவன்போல் நடக்கின்றான்’ என்னும் பொருளில் பேசுவர். நல்ல கப்பல் அலையைச் சமாளித்துச் செல்லும். அமைப்பிலே குறையுள்ள கப்பல் அதே அலையிலே தத்தளிக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றே. வாவியிலே தோணி தள்ளுவோர்க்கு இத்தொடரை விளக்க வேண்டியதில்லை. சவளை ஊன்றத் தெரியாதவன் காற்றைக் குறைகூறுவதை அவர்கள் பலமுறை கண்டிருப்பர்.

இன்னுமொரு தொடர், ‘பாட்டும் ஆட்டமும் ஆக்குதல்’ என்பது. சிறு செய்தியொன்றைச் சொல்லவந்தவன் அதற்கு நீண்ட விளக்கமும் அங்க அசைவும் சேர்த்துவிட்டால், அவன் அதைப் பாட்டும் ஆட்டமும் ஆக்கிவிட்டான் என்பர். தமிழிலே இதற்கு நேரான வழக்கு, ‘கூத்தடித்தல்’ என்பதாகும். கூத்துக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பிலே இச்சொல்லின் பொருத்தம் தனியானது. வட்டக் களரியிலே மத்தளம் முழங்க, அண்ணாவியார் தாளம்போட, வடமோடி அரசன் ஒருவன் தன் பெயரை இன்னதென்று சபைக்கு அறிவிப்பதற்கே எத்தனை வரவுத் தருக்கள், எத்தனை ஆட்டங்கள்! இரவு முழுவதும் அதைக் கண்விழித்துப் பார்த்த மக்களே, வீட்டிலே ஒருவன் சட்டைப் பொத்தானைக் காணவில்லை என்று துள்ளும்போது, ‘என்ன கூத்தடிக்கிறான்’ என்று கேட்கின்றனர். களரியிலே பெருமையாவது வீட்டிலே சிறுமையாகின்றது. இடமே பொருளை மாற்றிவிடுகின்றது.

தமிழிலே இவ்வாறு வழங்கும் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் சுவையான செய்திகள் வெளிப்படும். ‘அமர்க்களம்’ என்பது அமரும் களமும் சேர்ந்த சொல். போர் நிகழும் இடம் என்பதே அதன் முதற்பொருள். வேலும் வாளும் மோதிய இடத்தின் பெயர், இன்று அடுக்களையிலே பானையும் அகப்பையும் மோதும் ஓசைக்கு வழங்குகின்றது. ‘வானத்துக்கும் பூமிக்கும் குதித்தல்’ என்பர். ‘கண்ணும் காதும் மூக்கும் வைத்துப் பேசுதல்’ என்பர். இலங்கைத் தமிழர் வாயில் ‘கரைச்சல்’ என்னும் சொல் ஓயாது வழங்கும். காகம் கரைதல் என்னும்போது வரும் வினையை அது நினைவூட்டுகின்றது. ஓயாமல் காதருகே கரையும் ஒலியைப் போன்ற தொல்லைக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

இத்தகைய எள்ளற் சொற்கள் ஒரு சமுதாயத்துக்கு வேண்டியவையே. எல்லாக் குரலுக்கும் ஊர் திரண்டு ஓடிவரத் தொடங்கினால் உழவும் நடக்காது, வலையும் விழாது. கிடுகு வேலி ஒரு முழம் தள்ளியது என்றும், அயல்வீட்டுக் கோழி வந்து நெல்லைக் கொத்தியது என்றும் எழும் பூசல்களை நகைப்பினாலே தணிப்பது நாகரிகத்தின் அடையாளம். வழக்குமன்றம் செய்ய வேண்டிய வேலையைச் சில வேளைகளில் ஒரு பழமொழி செலவில்லாமற் செய்து முடித்துவிடுகின்றது.

மட்டக்களப்பு மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆரவாரத்துக்கென ஒரு விளையாட்டையே வகுத்து வைத்தனர். அதுவே கொம்புமுறி. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டிலே ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். ஒன்று வடசேரி, மற்றது தென்சேரி. வளைந்த மரக் கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, இரு கட்சியாரும் கயிற்றிலே பிடித்து இழுப்பர். ஒரு கொம்பு முறியும் வரையில் ஆர்ப்பரிப்பும் வசைப்பாட்டும் வானைப் பிளக்கும். சிங்கள மக்களிடத்தே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்து வழங்கும் ‘அங்கெலிய’ என்னும் கொம்பிழுப்பும் இதன் உறவே. ஆண்டு முழுவதும் மனத்திலே அடக்கி வைத்த கூச்சலை அளந்து வெளியிடுவதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் குறித்துக்கொடுத்த இவ்வேற்பாடு, எள்ளி நகைப்பதைக் காட்டிலும் மேலான வழியன்றோ?

இவ்வளவும் கிண்ணத்துப் புயலைப் பற்றியவை. ஆனால் இச்சொற்களுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சிறு காரியத்துக்குப் பெருங்கூச்சல் இடுபவனை அடக்கப் பிறந்த சொல், பெருங்காரியத்துக்குக் குரல் எழுப்புபவனை அடக்கவும் பயன்படும். ‘இதைப் பெரிதுபடுத்தாதே’ என்னும் சொல்லைச் சொல்பவன் பெரும்பாலும் யார்? வலிமை குறைந்தவனிடம் வலிமை மிகுந்தவனே அதைச் சொல்கின்றான். கூலி குறைத்தவன் கூலியாளனுக்கு அதைச் சொல்கின்றான். அடித்த கணவன் அழுத மனைவிக்கு அதைச் சொல்கின்றான். ‘ஏன் ஊரைக் கூட்டுகிறாய்?’ என்னும் கேள்வி எத்தனை வீடுகளிலே எத்தனை பெண்களின் வாயை மூடியிருக்கின்றது என்பதற்குக் கணக்கில்லை.

ஊரைக் கூட்டுதல் குற்றமா? பழைய இங்கிலாந்திலே அது குற்றமன்று, கூட்டாதிருப்பதே குற்றம். இன்று வீண்கூச்சல் என்னும் பொருளிலே ஆங்கிலேயர் வழங்கும் இரட்டைச் சொல் ஒன்று உண்டு. ‘ஹியூ அண்ட் கிரை’ என்பது அது. கூவுதலும் கதறுதலும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முதலாம் எட்வர்ட் மன்னன் 1285 ஆம் ஆண்டு வின்செஸ்டர் நகரிலே இயற்றிய சட்டத்தின்படி, களவோ கொலையோ நிகழக் கண்டால் அயலிலுள்ளோர் கூக்குரலிட்டுக் குற்றவாளியைத் துரத்தல் வேண்டும். குரல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும். கொள்ளையிட்டவனைப் பிடித்துக் கொடுக்கத் தவறினால் அவ்வட்டாரத்தாரே இழப்புக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். ஆகவே, அந்நாளிலே கூச்சலிடுவது குடிமகனின் கடமை. காவற்படை வந்த பின்னர் கடமை மறைந்தது. கூச்சல் என்னும் சொல் மட்டும் எஞ்சி, எள்ளற் பொருளை ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேரான தொடர் தமிழிலும் இருக்கின்றது. ‘குய்யோ முறையோ என்று கத்துகிறான்’ என்று நகையாடிச் சொல்லாதார் இல்லை. அத்தொடரிலே வரும் ‘முறையோ’ என்னும் சொல்லைச் சற்று நின்று கேட்க வேண்டும். முறை என்பது நீதி. முறையோ என்பது, ‘இது நீதியாகுமோ?’ என்னும் வினா. துன்புற்றவர் ஆள்வோரின் வாயிலிலே நின்று எழுப்பும் குரல் அது. முறையிடுதல் என்னும் வினை இன்றும் அப்பொருளைக் காத்து நிற்கின்றது. நீதி கேட்ட குரலே நகைப்புக்குரிய குரலாயிற்று என்றால், கேட்ட குரல்களுள் பல செவிசாய்க்கப்படாமற் போயின என்பதற்கு மொழியே சாட்சியாகின்றது.

‘ஆர்ப்பாட்டம்’ என்னும் சொல்லோ இன்றும் இரண்டு தோணியிலே கால் வைத்து நிற்கின்றது. பிள்ளையொன்று இனிப்புக் கேட்டுத் தரையிலே புரண்டாலும் ஆர்ப்பாட்டம். தொழிலாளர் நூற்றுவர் பதாகை ஏந்தி வீதியிலே நின்றாலும் ஆர்ப்பாட்டம். பத்திரிகையிலே பின்னைய பொருளில் அச்சேறும் அதே நாளில், வீட்டுத் திண்ணையிலே முன்னைய பொருளில் அது பேசப்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல் காட்டாது. கேட்பவனின் அறிவே காட்டவேண்டும்.

இவ்விடத்திலே செகசிற்பியாரின் நாடகமொன்று நினைவுக்கு வருதல் இயல்பு. ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று தமிழாக்கி அழைத்தவர் சுவாமி விபுலாநந்தர் ஆவர். 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த அவர், 1926 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மதங்கசூளாமணி’ என்னும் நூலிலே அப்புலவரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். சிலப்பதிகாரத்தை ஒரு கண்ணாகவும் செகசிற்பியாரை மறு கண்ணாகவும் கொண்டு நோக்கும் நெறியை வாவிக்கரை மக்களுக்குக் காட்டித் தந்தவர் அவரே.

அப்புலவர் 1600 ஆம் ஆண்டு அச்சில் வந்த தம் நாடகமொன்றுக்கு, ‘ஒன்றுமில்லாததற்குப் பெரும் ஆரவாரம்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஆங்கிலத்திலே இப்பெயர் இன்று அன்றாடப் பேச்சிலும் வழங்குகின்றது. ஆயினும், நாடகத்திலே நிகழ்வது ஒன்றுமில்லாத காரியமா? ஹீரோ என்னும் நற்குணப் பெண்ணின் மீது வஞ்சகர் சிலர் பழி சுமத்துகின்றனர். அதை நம்பிய மணமகன், திருமண மேடையிலே, ஊரார் முன்னிலையிலே அவளை இழிவு செய்து தள்ளுகின்றான். அவளோ மயங்கி விழுகின்றாள். இது பெயரிலே மட்டும் ‘ஒன்றுமில்லாதது’.

அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று அந்நாடகத்தில் உண்டு. வஞ்சகரின் சூழ்ச்சியை முதலில் அறிந்தவர்கள் இரவிலே தெருக்காவல் செய்த எளிய மனிதர். அவர்கள் தலைவன் டாக்பெரி; சொற்களை மாற்றி மாற்றிப் பேசி அவையோரைச் சிரிக்க வைப்பவன். திருமண நாட் காலையிலே அவன் மணமகளின் தந்தையிடம் செய்தி சொல்ல வருகின்றான். விடயத்துக்கு வராமல் சுற்றி வளைக்கின்றான். மணவீட்டு அவசரத்திலே நிற்கும் தந்தை, இவன் பேச்சு அலுப்பூட்டுகின்றது என்று சொல்லி அனுப்பிவிடுகின்றார். இன்னும் சிறிது நேரம் பொறுமையோடு கேட்டிருந்தால் அவர் மகளுக்கு அந்த இழிவு நேர்ந்திராது. பின்னர் உண்மையை வெளிக்கொணர்ந்ததும் அந்த அலுப்பூட்டிய காவற்காரரே. ஆரவாரம் என்று தள்ளப்பட்ட பேச்சினுள்ளே உண்மை அகப்பட்டுக் கிடந்தது என்பதே புலவர் மறைத்து வைத்த பாடம்.

பொய்ப்பழி, கெட்ட குடும்பம், கேளாத செவி என்னும் இம்மூன்றையும் சொன்னவுடன் தமிழர் நெஞ்சிலே எழும் உருவம் கண்ணகியே. பொற்கொல்லனின் பொய்யுரையினாலே கோவலன் கொலையுண்டான். கையிலே ஒற்றைச் சிலம்போடு, விரிந்த கூந்தலோடு, மதுரை வீதி வழியே அழுது அரற்றிச் சென்ற அப்பெண்ணைக் கண்டோர் என்ன நினைத்திருப்பர்? அரண்மனை வாயிற்காவலன் கண்டது அச்சமூட்டும் கோலம் ஒன்றையே. அவன் அக்கோலத்தை வருணித்து அரசனுக்கு அறிவித்தான். ‘அவளை அப்புறப்படுத்து’ என்று அரசன் சொல்லியிருந்தால் சிலப்பதிகாரத்தின் முடிவே வேறாகியிருக்கும். தவறிழைத்தவனாயினும் பாண்டியன் அவளை உள்ளே அழைத்தான், நீ யார் என்று வினவினான், சொன்னதைக் கேட்டான்.

கண்ணகி அங்கே கூச்சலிட்டுவிட்டு நின்றாளல்லள். சான்று காட்டினாள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள்; அரசியின் சிலம்பிலே இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; வழக்கு முடிந்தது. ஆரவாரத்துக்கும் வழக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குரலின் உரப்பைக் கொண்டு அதை அறிய இயலாது. உரத்த குரலிலும் வழக்கு இருக்கலாம். மெல்லிய குரலிலும் வெற்றுரை இருக்கலாம். சிலம்பினுள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்டாலன்றித் தெரியாது.

மட்டக்களப்பு மக்கள் இக்கதையைக் காவியமாகப் படித்து வைத்துவிடவில்லை. கண்ணகையம்மன் என்று பெயரிட்டுக் கோயில் எடுத்தனர். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலே வைகாசித் திங்களில் கதவு திறந்து சடங்கு நிகழும். அப்போது பாடப்படும் நூலுக்குக் ‘கண்ணகி வழக்குரை’ என்று பெயர். ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை 1964 ஆம் ஆண்டு தந்த பண்டிதர் வீ. சீ. கந்தையா இவ்வழக்குரைக் காவியத்தையும் பதிப்பித்து உதவினார். அழுகை என்றோ ஆரவாரம் என்றோ பெயரிடாமல், வழக்குரை என்று பெயரிட்ட முன்னோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

அச்சடங்கின் நிறைவு ‘குளிர்த்தி’. நீதி பெற்ற பின்னும் ஆறாத அன்னையின் சினத்தைக் குளிரச்செய்யும் பாடல்களைப் பாடி, ஊர் நலம்பெற வேண்டுவர். இங்கே நோக்கத்தக்கது வரிசையாகும். முதலில் வழக்குரை, பின்னரே குளிர்த்தி. முதலில் கேட்டல், பின்னர் தணித்தல். ‘பெரிதுபடுத்தாதே’ என்று சொல்பவர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றார். வழக்கைக் கேளாமலே குளிர்த்தி பாட முற்படுகின்றார். அவ்வாறு பாடிய குளிர்த்தியினால் எந்தச் சினமும் ஆறியதில்லை. அது உள்ளே சென்று கனன்றுகொண்டிருக்கும்.

ஒரு காரியத்தின் அளவு அதனைப் பார்ப்பவர் நிற்கும் கரையையும் பொறுத்தது. மழைக்காலத்திலே வாவி பெருகும்போது, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு வழிவிடுதல் வழக்கம். அதை எந்நாளிலே வெட்டுவது என்பது தொலைவிலே மாடிக் கட்டடத்தில் இருப்பவர்க்குச் சிறு செய்தி. படுவான்கரையிலே வயல் நீரில் ஆழ்ந்துகொண்டிருக்கும் உழவனுக்கு அது ஓராண்டுச் சோறு. வாவி மீனை நம்பி வாழ்பவனுக்கோ, நீர் வடியும் நாளும் உவர்நீர் ஏறும் நாளும் உலையிலே அரிசி வேகும் நாளைத் தீர்மானிப்பவை. இருவரும் ஒரே எண்ணம் உடையவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இருவர் குரலும் ஆரவாரம் அன்று, இரண்டும் வழக்கே. ஒருவரின் கிண்ணம் மற்றொருவரின் கடல்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்தோர்க்குப் புயல் என்னும் சொல் உவமையாகத் தோன்றாது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கான உயிர்கள் மறைந்தன. பின்னர், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலை ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்களுள் புகுந்தது. அன்று இந்துமாகடலுக்கென எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ‘கடல் வருகுது, கடல் வருகுது’ என்று குளறிக்கொண்டு ஓடியவர்களின் குரலே கரையோரத்தார்க்குக் கிடைத்த எச்சரிக்கை. கடல் எங்கேனும் ஊருக்குள் வருமோ என்று நின்று நகைப்பதற்கு அன்று பொழுதிருக்கவில்லை. குரலைக் கேட்டவுடன் ஓடியவர்க்கே பிழைக்க வழியிருந்தது. கூவுதலும் கதறுதலும் குடிமக்களின் கடமை என்று 1285 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதன் பொருள், அந்நாட் காலையிலே சட்டம் எதுவும் இல்லாமலே விளங்கிற்று.

இதனால், கேட்ட குரலெல்லாம் பேரலையென்று கொள்ளவேண்டும் என்பதன்று. புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையும் உண்மைதான். வீண்கூச்சல் இடுபவன் பிறருடைய மெய்க்குரலின் மதிப்பையும் குறைத்துவிடுகின்றான். ஆதலின் குரல் எழுப்புவோர்க்கும் கடமை உண்டு. கண்ணகி சிலம்போடு சென்றதுபோல, சான்றோடு செல்ல வேண்டும். கேட்போர்க்கும் கடமை உண்டு. பாண்டியன் செய்ததுபோல, ஒரு வினாவையேனும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவ்வொரு வினாவுக்குச் செலவாகும் பொழுது மிகச் சிறிது. அதைக் கேளாமையினால் வந்த இழப்புகளோ மிகப் பெரிய.

வாவியின் பெருமையாகிய பாடும் மீன் இதனை வேறொரு வகையிலே உணர்த்துகின்றது. 1859 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே எமர்சன் தெனந்து என்பார், நிலவிரவில் வாவியிலே தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்ட வரலாற்றை எழுதியுள்ளார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தடவும்போது எழும் மெல்லோசைக்கு அவர் அதனை ஒப்பிட்டார். தோணியின் பலகையிலே செவியை வைத்தபோது அது தெளிவாகக் கேட்டது என்கின்றார். அதனை எழுப்புவது ஒருவகைச் சிப்பி என்று மீனவர் அவருக்குக் கூறினர்; ‘ஊரி குளறுகின்றது’ என்று கொள்ளத்தக்க தொடரால் அவர்கள் அதனைக் குறித்தனர்.

அலறுவதையன்றோ குளறுதல் என்பர்? காது கொடுத்தாலன்றிக் கேளாத அம்மெல்லிய ஒலியை, நாள்தோறும் வாவியோடு வாழ்ந்த மக்கள் குளறல் என்றே கேட்டனர். தொலைவிலே நிற்பவர்க்கு அது ஒன்றுமில்லை. பலகையிலே செவி வைத்தவர்க்கு அது ஓர் உயிரின் குரல். ஆங்கிலத்திலும் தமிழிலும் உள்ள எள்ளற் தொடர்களையெல்லாம் கற்று மகிழலாம். தக்க இடத்திலே சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம். ஆயினும் அடுத்த முறை ஒருவரை நோக்கி, ‘இது தேநீர்க் கிண்ணத்துப் புயல்’ என்று சொல்ல நா எழும்போது, அதற்கு முன் ஒரு கணம் செவியைப் பலகையிலே வைத்துப் பார்த்தல் நேயர்க்கெல்லாம் நலம் பயப்பதாகும்.